கோப்பி, தேமா, நாலு நம்பர்: மூன்றுக்கும் ஒரே ரிகர்ஷன்

சிங்கப்பூர்க் கோப்பிக்கடையில் வெறுமனே "கோப்பி" என்றால் இனிப்புக் கட்டிப்பால் போட்டுக் கொடுப்பார்கள். பால் வேண்டாம் என்றால் பின்னால் "ஓ" சேர்க்கணும், டின்னில் வரும் இனிப்பில்லாத பால் வேண்டும் என்றால் "சி". ஸ்ட்ராங்காக வேண்டுமா, "காவ்". லைட்டாகப் போதுமா, "போ". சர்க்கரை குறைவாக "சியூ தாய்", கூடுதலாக "கா தாய்", சர்க்கரையே வேண்டாம் என்றால் "கோசோங்". ஐஸ் போட்டு வேண்டும் என்றால் கடைசியில் "பெங்". கோப்பிக்குப் பதில் தேநீர் என்றால் முதல் சொல் "தே". சொல்லும் வரிசை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனால் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் உட்கார்ந்து விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் "ஸ்ட்ரிங் காம்பினேஷன் கணக்கு ஒண்ணும் புரியல சித்தி" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, பாடத்தில் இருந்த எழுத்துகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். கோப்பிக்கடையில் கேட்கக்கூடிய எல்லா ஆர்டர்களையும் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாக, அச்சிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஐந்து இடங்கள் இருக்கின்றன. பானத்துக்கு 2 தேர்வு. பாலுக்கு 3, ஏனென்றால் ஒன்றும் சொல்லாமல் விடுவதும் ஒரு தேர்வு. அதற்கு வெற்று ஸ்ட்ரிங். அதே போல் வலுவுக்கு 3, இனிப்புக்கு 4, ஐஸுக்கு 2. பெருக்கினால் 144 வருகிறது. எண்ணிக்கையை யாரும் சொல்லிவிடலாம். 144 ஸ்ட்ரிங்கையும் ஒன்று விடாமல், ஒன்று இரண்டு முறை வராமல் எடுத்துக்கொடுக்கும் ஃபங்ஷனை எழுதுவதுதான் விஷயம்.

அவள் ஐந்து ஃபார் லூப்பை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதியிருந்தாள். விடை சரியாகவே வந்தது. ஆனால் நாளைக்குக் கடைக்காரர் ஆறாவதாக "தா பாவ்" என்று பார்சலையும் சேர்த்துவிட்டால் ஆறாவது லூப் எழுதணும், ஏழாவது வந்தால் ஏழாவது. எத்தனை இடம் என்பது புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும் என்றால் எத்தனை லூப் எழுதி வைப்பது? ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொள்ளும் ரிகர்ஷனை நிறைய பேர் தேடிப் போவது இந்த இடத்தில்தான். ஆனால் அதை லூப் பற்றாத இடத்துக்கான மாற்று மருந்தாகச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. கணக்கையே முதலில் அந்த வடிவத்தில் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த வடிவம் இதுதான். முதல் இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடு. மீதி இடங்களுக்கான எல்லா விடைகளும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள். தேர்ந்தெடுத்ததை அவை ஒவ்வொன்றின் முன்னாலும் ஒட்டு. மீதிக்கான விடை எங்கிருந்து வரும் என்று இப்போது கேட்காதே, அதே ஃபங்ஷன் கொண்டுவரும்.

சேர்க்கை([]) = [ "" ]
சேர்க்கை(முதல் : மற்றவை) =
    [ தேர்வு + வால் | தேர்வு ← முதல், வால் ← சேர்க்கை(மற்றவை) ]

ஹாஸ்கெல் மொழி பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும், பைத்தானில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எழுதியவர்களுக்கும் தான். இரண்டாவது பகுதியைப் படித்தால் மேலே நான் தமிழில் சொன்ன வாக்கியம்தான் அது. வித்தை முழுக்க முதல் வரியில் இருக்கிறது.

அக்கா மகள் அந்த முதல் வரியில் வெற்று லிஸ்டைத் திருப்பியனுப்பியிருந்தாள். ஓட்டினாள். திரையில் ஒன்றுமே வரவில்லை.

"எரரும் வரல, விடையும் வரல சித்தி."

"கடைசி இடத்துக்கு என்ன கிடைக்குதுன்னு கையால எழுதிப் பாரு."

எழுதினாள். ஐஸ் இடத்தில் இரண்டு தேர்வு. அவற்றோடு ஒட்ட வேண்டிய வால்கள் வெற்று லிஸ்டிலிருந்து வர வேண்டும். வெற்று லிஸ்டில் வாலே இல்லை, ஆகவே ஒட்டுதல் ஒரு முறைகூட நடக்காது, ஐஸ் இடத்தின் விடையும் வெற்று லிஸ்ட். அதை நம்பியிருக்கும் இனிப்பு இடமும் வெற்று, வலுவும் வெற்று, பாலும், பானமும். ஒரு பூஜ்யத்தை உள்ளே விட்டதில் 144-ம் போய்விட்டது.

"இடமே இல்லாத ஆர்டரை எத்தனை விதமா சொல்லலாம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரே விதம். ஒண்ணும் சொல்லாம நிக்கிறது" என்றாள்.

அந்த ஒன்றுதான் வெற்று ஸ்ட்ரிங். எதுவுமே இல்லாத லிஸ்ட் வேறு, வெற்று ஸ்ட்ரிங் ஒன்று உட்கார்ந்திருக்கும் லிஸ்ட் வேறு. முதலாவதன் நீளம் 0, இரண்டாவதன் நீளம் 1, பெருக்கலை 1-ல் இருந்துதான் தொடங்க முடியும். 0 ஃபேக்டோரியல் 1 என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததற்கும் இதுவே காரணம். பைத்தானின் ஐட்டர்டூல்ஸில் உள்ள ப்ராடக்ட் என்ற ஃபங்ஷனை உள்ளே எதுவும் கொடுக்காமல் அழைத்துப் பாருங்கள், ஒரே ஒரு வெற்று டப்பிள் (மாற்ற முடியாத லிஸ்ட் மாதிரி) கொடுக்கும். ஹாஸ்கெல்லின் சீக்வென்ஸுக்கு வெற்று லிஸ்டைக் கொடுத்தாலும் வெற்று லிஸ்ட் ஒன்று உள்ளே இருக்கும் லிஸ்ட்தான் வரும். அவற்றை எழுதியவர்களும் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

திருத்தியதும் பின்னாலிருந்து முன்னால் நிரம்பிக்கொண்டு வந்தது: ஐஸுக்கு 2, இனிப்பு சேர்ந்து 8, வலு சேர்ந்து 24, பால் சேர்ந்து 72, பானம் சேர்ந்து 144.

சரி, இப்படி எழுதுவதை ஃபங்ஷனல் புரோகிராமிங் என்பார்களே, அந்த ஃபங்ஷனல் என்பது இதில் எங்கே வருகிறது? எந்த லிஸ்டையும் நாம் மாற்றவே இல்லை என்பதில். ஒவ்வொரு அழைப்பும் புதிய லிஸ்ட் ஒன்றைக் கொடுக்கிறது, பழையது பழையபடியே கிடக்கிறது. இது ஏதோ கொள்கைப் பிடிப்பு மாதிரி தோன்றும், ஆனால் நடைமுறையில் எவ்வளவு தலைவலியைத் தவிர்க்கிறது என்பதைக் காட்ட, பேக்டிராக்கிங் என்று இணையம் முழுக்கக் கிடக்கும் முறையில் இதே கணக்கை எழுதச் சொன்னேன். பாதை என்று ஒரே ஒரு லிஸ்ட். தேர்ந்தெடுத்ததை அதில் தள்ளு, உள்ளே போ, திரும்பி வந்ததும் எடுத்துவிடு. ஐந்தும் நிரம்பியதும் பாதையை விடைகளில் சேர். எழுதி ஓட்டினாள். விடைகளில் சரியாக 144 உருப்படிகள், 144-ம் காலி! பாதையின் நகலைச் சேர்க்காமல் பாதையையே சேர்த்தால் இப்படித்தான் ஆகும்: விடைகளில் இருப்பது ஒரே லிஸ்டைக் காட்டும் 144 சுட்டிகள், கடைசியில் அந்த லிஸ்டிலிருந்து எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டது. நகலெடுக்கும் ஒரு சின்னக் குறியில் புரோகிராமின் சரி தவறு தொங்குகிறது. எதையும் மாற்றாத முறையில் இந்தப் பிழையைச் செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வெட்டியெடுத்த "சோர்ஸ்" என்ற சிறு மொழியில் பாடம் தொடங்குகிறார்கள். அதன் ஆரம்பப் படிகளில் லூப் கிடையாது, ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பை மாற்றவும் வழி கிடையாது. பிள்ளைகள் முதலில் மூச்சுத் திணறுவார்கள், உண்மைதான். ஆனாலும் அந்த வரிசைதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாற்றுவதை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். மாற்றாமல் யோசிக்கும் பழக்கம் பிந்தினால் வருவது கஷ்டம்.

மாறாத தன்மையால் இன்னொரு லாபமும் உண்டு. மேலே எழுதியதை அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு தேர்வுக்கும் வால்கள் திரும்பத் திரும்பக் கணக்கிடப்படும்: 1, 2, 6, 18, 72, 144, மொத்தம் 243 அழைப்புகள். ஆனால் கோப்பி எடுத்தாலும் தே எடுத்தாலும் மீதி நாலு இடங்களின் விடை ஒன்றுதானே? ஃபங்ஷன் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் என்பது உறுதியாக இருப்பதால், வால்களை ஒரு முறை கணக்கிட்டுப் பெயர் வைத்துக்கொண்டு, பிறகு தேர்வுகளோடு ஒட்டலாம். அப்போது 6 அழைப்புகளே போதும். விடை மாறிவிடுமோ என்ற பயம் இல்லாமல் வரியை வெளியே தூக்கி வைக்கலாம்.

இதிலிருந்துதான் நான் எந்தக் காம்பினேஷன் கணக்கைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்ளும் கேள்வி வருகிறது: முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, மீதி அந்தத் தேர்வைப் பொறுத்து மாறுகிறதா? கோப்பியில் மாறவில்லை. அதனால் அது வெறும் பெருக்கல். கட்டிப்பாலே இனிப்பு என்பதால் பால் இடத்தை வெறுமனே விட்டுக் கோசோங் கேட்பது பொருந்தாது என்று ஒரு விதி வைத்தால், 144-ஐயும் வரவழைத்து ஃபில்டர் போட்டு 12-ஐக் கழித்துவிடலாம், 132 மிஞ்சும். இடங்கள் இருபது முப்பது என்று போகும்போது மட்டும் அப்படி உருவாக்கிவிட்டுக் கழிப்பது கட்டுப்படியாகாது, தேர்ந்தெடுக்கும்போதே வெட்ட வேண்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அக்கா மகள் யாப்பு படித்ததில்லை, ஆனால் அன்று அவளுக்குத் தேமா புளிமா சொல்லிக்கொடுத்தேன், ஏனென்றால் இந்தக் கணக்கைத் தமிழ் இலக்கணம் எப்போதோ போட்டு முடித்துப் பெயரும் வைத்துவிட்டது. இங்கே ஸ்ட்ரிங்கில் வருபவை செய்யுளின் அசைகள், அவை இரண்டே: நேர், நிரை. இரண்டு அசை நீள ஸ்ட்ரிங்குகள் நான்கு: நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். பெயரையே அசை பிரித்துப் பாருங்கள், தே நேர், மா நேர். கரு நிரை, விளம் நிரை. தான் எதைக் குறிக்கிறதோ அதே அமைப்பில் பெயரும் இருக்கிறது. புரோகிராம் எழுதுபவர்கள் மாறிகளுக்குப் பெயர் வைக்க இங்கே பாடம் கேட்கலாம்.

வரிசையையும் கவனியுங்கள். நேர்நேர், நிரைநேர், நிரைநிரை, நேர்நிரை: ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஒரே ஓர் அசைதான் மாறுகிறது, கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பினாலும் அப்படியே. மின்னணுவியலில் இந்த வரிசைக்குக் கிரே கோட் என்று பெயர்.

மூவசைக்கு வந்தால் அந்த நான்கும் அப்படியே இருக்க, பின்னால் நேரசை சேர்ந்தால் காய், நிரையசை சேர்ந்தால் கனி. தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய் என்று நாலு, தேமாங்கனி, புளிமாங்கனி என்று தொடங்கி இன்னொரு நாலு. நாம் முன்னால் ஒட்டினோம், யாப்பு பின்னால் ஒட்டுகிறது. சின்ன விடையை எடுத்து, இருக்கும் தேர்வுகள் ஒவ்வொன்றையும் சேர்த்துப் பெரிய விடை செய்வது இரண்டிலும் ஒன்றுதான். நாலசைக்குப் போகும்போது இன்னும் அழகு. அங்கே ஒவ்வொரு அசையாக ஒட்டாமல், முதல் ஈரசைக்குப் பழைய நாலு பெயரையும், அடுத்த ஈரசைக்குத் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்ற நாலையும் வைத்து 16-ஐ உண்டாக்கியிருக்கிறார்கள். கணக்கைச் சரிபாதியாக உடைத்து, இரண்டு பாதிக்கும் ஒரே விடையைப் பயன்படுத்திப் பெருக்குவது! தேமாந்தண்பூ என்று அவள் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது ரிகர்ஷன்தானே" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அசையை விட்டுவிட்டு மாத்திரைக்கு வந்தால், மீதி மாறுகிறதா என்ற கேள்விக்கு விடை மாறிவிடும். குறில் 1 மாத்திரை, நெடில் 2. மொத்தம் 4 மாத்திரை வருமாறு குறிலையும் நெடிலையும் எத்தனை விதமாக அடுக்கலாம்? குறிலை எடுத்தால் மீதி 3, நெடிலை எடுத்தால் மீதி 2, ஆக மீதி தேர்வைப் பொறுத்து மாறுகிறது. குறில் நாலு, குறில் குறில் நெடில், குறில் நெடில் குறில், நெடில் குறில் குறில், நெடில் இரண்டு. மொத்தம் 5. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் 1, 2, 3, 5, 8, 13. ஃபிபனாச்சி தன் நூலை எழுதிய 1202-க்கு முன்பே, லகு (குறில் மாதிரி), குரு (நெடில் மாதிரி) அடுக்கும் வடமொழி யாப்புக் கணக்காக விரகாங்கரும் ஹேமசந்திரரும் இதைச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் ஸ்ட்ரிங்குகளை உருவாக்கவே கூடாது. 40 மாத்திரைக்கு 16 கோடியே 55 லட்சத்துக்கும் மேல் அடுக்குகள் வரும். எண்ணிக்கையையே ரிகர்ஷனில் அப்படியே எழுதினாலும் 33 கோடிக்கு மேல் அழைப்புகள் ஆகும். கண்ட விடையை நினைவில் வைத்துக்கொண்டால் 0 முதல் 40 வரை 41 மதிப்புகள்தான், கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடும். இதற்கும் ஃபங்ஷன் எதையும் மாற்றாது என்ற உறுதிதான் அடிப்படை.

கையில் இருப்பவற்றையே இடம் மாற்றி அடுக்கும் மூன்றாவது வகைக்கு, நாலு இலக்க லாட்டரியான நாலு நம்பரைவிட நல்ல உதாரணம் சிங்கப்பூரில் கிடையாது. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். கையில் இருக்கும் நாலு இலக்கத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் விழ வேண்டும் என்று சிஸ்டம் என்ட்ரி வாங்குவார்கள். நாலும் வேறு வேறு என்றால் 24 எண்கள், ஒரு ஜோடி ஒன்றாக இருந்தால் 12, இரண்டு ஜோடி என்றால் 6, மூன்று ஒன்றாக இருந்தால் 4. நம்பர் எடுக்கும் பெரியவர்கள் ஃபேக்டோரியல் படிக்காமலேயே இதைத் தூக்கத்தில் சொல்வார்கள்.

அடுக்கு([]) = [ [] ]
அடுக்கு(பொருள்கள்) =
    [ [பொ] + மீதி | பொ ← தனித்தவை(பொருள்கள்),
                    மீதி ← அடுக்கு(ஒன்றை_நீக்கு(பொ, பொருள்கள்)) ]

அதே எலும்புக்கூடுதான். தேர்ந்தெடுத்த பொருளில் ஒன்று மீதியில் குறைந்துவிடும் என்பதால் வாலை வெளியே தூக்கி வைக்க முடியாது, அந்த ஒரு வித்தியாசம். பலர் 24-ஐயும் உருவாக்கிவிட்டுக் கடைசியில் இரட்டைகளை நீக்குகிறார்கள். தேவையில்லை. 1, 1, 2, 3 என்று இருந்தால் முதலிடத்துக்கு வரக்கூடியவை மூன்றுதான். 1 வந்தால் மீதி 1, 2, 3-க்கு 6; 2 வந்தால் மீதி 1, 1, 3-க்கு 3; 3 வந்தால் மீதி 1, 1, 2-க்கு 3. ஆக 12. தேர்வு செய்யும் இடத்தில் தனித்தவற்றை மட்டும் எடுத்தால் இரட்டை எங்கும் பிறப்பதே இல்லை.

ரிகர்ஷன் என்றாலே, முடியாத அழைப்புகளைக் கணினி அடுக்கி வைக்கும் ஸ்டேக் நிரம்பிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஆழம் பொருள்களின் எண்ணிக்கை அளவுதான் போகும். பைத்தானின் வழக்கமான எல்லை 1000. வேறு வேறான 13 பொருளுக்கே 600 கோடிக்கு மேல் விடைகள் வந்துவிடும், ஸ்டேக் தீருவதற்கு ரொம்ப முன்னாலேயே நம் பொறுமை தீர்ந்துவிடும். அத்தனையும் ஒரே நேரத்தில் தேவையில்லை என்றால் லிஸ்டுக்குப் பதில் ஜெனரேட்டரைத் திருப்பியனுப்புங்கள், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வரும்.

அப்புறம் அவள் ஆசையாகத் "தமிழ்" என்ற சொல்லை அடுக்குக்குக் கொடுத்தாள். 120 விடைகள் வந்தன, பாதிக்கு மேல் புள்ளியும் இகரக் குறியும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு. த, மி, ழ் என்று நமக்கு மூன்று எழுத்து, விடை 6 வர வேண்டும். யூனிகோடில் அகரம் தவிர்த்த உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் தனி இடம் கிடையாது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், 5 ஃபேக்டோரியல் 120. தமிழை இணையத்தில் ஏற்ற 1990-களில் உழைத்த நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர், 1997-ல் தமிழ்நெட் மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்தத் தலைமுறை தமிழைத் திரையில் வரவைத்துக் கொடுத்துவிட்டது, அதை எழுத்து எழுத்தாகச் சரியாகப் பிரித்துக் கையாள்வது நம் வேலை.

ஸ்விஃப்ட் மொழியில் இந்தச் சொல்லின் நீளம் கேட்டால் 3 என்றே சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துகளைப் பிரிக்க இன்டல் செக்மென்டர் இருக்கிறது. பைத்தானில் ஓபன்-தமிழ் நூலகம் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். பிரிப்பதற்கு முன் ஸ்ட்ரிங்கை, ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகக் குறிக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவாருங்கள். "கொ"வில் உள்ள ஒகரக் குறி சில கோப்புகளில் ஒரே குறியீடாகவும் சிலவற்றில் கொம்பு, கால் என்று இரண்டாகவும் இருக்கும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தனித்தவை ஃபங்ஷன் இரண்டையும் வேறு என்று எடுத்துக்கொள்ளும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் யூனிகோடின் பொது விதிப்படி உடைந்துவிடும், அவற்றைத் திரும்ப ஒட்டச் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதிப் பிரிப்பதற்குப் பின், அடுக்குவதற்கு முன் ஓடவிட்டோம். "அம்மம்மா" கொடுத்துப் பார்த்தாள்: அ, ம், ம, ம், மா என்று ஐந்து எழுத்து, ம் இரண்டு முறை, விடை 60. அடுக்கு ஃபங்ஷனில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.